வீட்டுக் கம்ப்யூட்டருக்கு பேக்கப் மென்பொருள்: முதலில் ரீஸ்டோர் பக்கத்தைப் பாருங்கள்

போன சித்திரையில் ஏற்காட்டில் அடித்த கோடை மழையில் எங்கள் பெரியப்பா வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ராத்திரி கரண்ட் போய், திரும்ப வந்தபோது வோல்டேஜ் எகிறி, காலையில் ஆன் செய்தால் கறுப்புத் திரையில் டிஸ்க் இல்லை என்று ஒரே ஒரு வரி. நாகலூர் பக்கம் அவருக்கு நாலு ஏக்கர் காபி, ஊடே மிளகு. அந்தத் தோட்டத்தின் பன்னிரண்டு வருஷக் கணக்கு, ஸ்கேன் செய்து வைத்த பட்டா சிட்டா, அக்கா கல்யாண போட்டோ, பெரியம்மா உயிரோடு இருந்தபோது எடுத்த வீடியோ எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். போனில் அவர் கேட்டது ஒன்றுதான்: "கண்ணு, நீதான் எல்லாத்தையும் வேற டிஸ்க்ல எடுத்து வச்சிருக்கியே, வந்து போட்டுக் குடுத்துருவ இல்ல?"

எடுத்து வைத்திருந்தேன், அது உண்மை. சேலத்தில் புது எஸ்எஸ்டி ஒன்று வாங்கிக்கொண்டு, எடுத்து வைத்ததைத் திரும்பப் போடுவதற்கான (ரீஸ்டோர்) ரெஸ்க்யூ பென் டிரைவையும் எடுத்துக்கொண்டு அஸ்தம்பட்டியிலிருந்து கிளம்பி, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் பென் டிரைவிலிருந்தே கிளம்பியது, அதாவது பூட் ஆனது. மென்பொருள் திறந்தது. பேக்கப் ஃபைல் தெரிந்தது, தேதி தெரிந்தது, அளவுகூடத் தெரிந்தது. எந்த டிஸ்க்கில் எழுதட்டும் என்று கேட்கிற இடத்தில் மட்டும் பட்டியல் காலியாக இருந்தது. பெரியப்பா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காரணம் இதுதான். அந்த ரெஸ்க்யூ பென் டிரைவை நான் செய்தது என் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில். பெரியப்பாவுடையது புது மாடல். அதில் எஸ்எஸ்டியைப் பேச வைக்கும் கன்ட்ரோலருக்கு டிரைவர் என்கிற தனிச் சின்ன மென்பொருள் வேண்டும், என் பென் டிரைவில் அது இல்லை. தோட்டத்தில் அன்றைக்கு சிக்னலும் இல்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஏற்காடு ஊருக்குள் ஒண்டிக்கடை வரை வந்து, போன் இணைப்பில் அந்த டிரைவரை இறக்கி, திரும்பப் போய் ஏற்றிய பிறகுதான் டிஸ்க் கண்ணில் பட்டது. வேலை முடிய ராத்திரி பதினொன்று. எல்லாம் அப்படியே வந்துவிட்டது, ஒரு போட்டோகூடப் போகவில்லை. ஆனால் அந்த நாலைந்து மணி நேரத்தில் ஒன்று எனக்கு நன்றாகப் புரிந்தது: மென்பொருளைத் தேர்ந்தெடுத்தபோது நான் எடுக்கும் பக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறேன், திரும்பப் போடும் பக்கத்தைப் பார்க்கவே இல்லை.

அதனால் இப்போது யாராவது வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த பேக்கப் மென்பொருள் நல்லது என்று கேட்டால், பெயர் சொல்வதற்கு முன்னால் நான் கேட்பது, டிஸ்க் போன அன்றைக்கு உங்கள் வீட்டில் யார் உட்கார்ந்து ரீஸ்டோர் செய்வார்கள், அப்போது அவர்கள் கையில் என்ன இருக்கும், நெட் இருக்குமா என்பதைத்தான்.

எதைக் காப்பாற்ற வேண்டும்?

இதை முடிவு செய்யாமல் மென்பொருள் தேட வேண்டாம். வீடுகளில் பெரும்பாலும் இரண்டு விதம்தான்.

போட்டோ, வீடியோ, பிள்ளைகளின் படிப்பு ஃபைல், ஸ்கேன் செய்த பத்திரம், இவ்வளவுதான் முக்கியம், விண்டோஸ் போனால் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம் என்றால் ஃபைல் அளவிலான பேக்கப் போதும். சிறியது, சீக்கிரம் முடியும், எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கலாம்.

ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் டாலி இருக்கிறது, அல்லது சேலம் அம்மாப்பேட்டை வீடுகளில் இருப்பது மாதிரி ஜக்கார்டு தறிக்கான டிசைன் மென்பொருள் இருக்கிறது, அதைப் போட்டுக் கொடுத்தவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது, லைசென்ஸ் எண்ணும் கையில் இல்லை என்றால், ஃபைல் மட்டும் எடுத்து வைத்துப் பயனில்லை. முழு டிஸ்க்கையும் ஒரே படமாக எடுக்கும் இமேஜ் பேக்கப் வேண்டும். அதை ரீஸ்டோர் செய்தால் விண்டோஸ், மென்பொருள், செட்டிங், டெஸ்க்டாப்பில் ஐகான் இருந்த இடம் உட்பட எல்லாம் அன்றைய நிலையில் திரும்ப வரும்.

என் கருத்து, இரண்டும் வேண்டும். மாதம் ஒருமுறை இமேஜ், அன்றாட ஃபைல்களுக்குத் தனியாக ஒன்று.

கூகுள் டிரைவிலும் ஒன்டிரைவிலும் போட்டோ தானாக ஏறுகிறதே, அது பேக்கப் இல்லையா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அது சின்க், இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி வைத்திருப்பது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், அப்புறம் அதுவும் போகும். ஒரு குழந்தை ஏதோ ஒரு ஃபோல்டரை அழித்து, அதை நீங்கள் இரண்டு மாதம் கழித்துக் கவனித்தால் ஒன்றும் செய்ய முடியாது. இலவச இடமும் குறைவு, ஒன்டிரைவில் 5 ஜிபி, கூகுளில் 15 ஜிபி. 300 ஜிபியை நெட்டில் ஏற்ற வேண்டும் என்றால், ஏற்றும் வேகம் விநாடிக்கு 10 மெகாபிட் இருக்கிற வீட்டில் இரவு பகல் நிறுத்தாமல் ஏற்றினாலும் கிட்டத்தட்ட மூன்று நாள் ஆகும். முக்கியமான பத்திரங்களுக்கு கிளவுட் நல்லது, நானும் வைத்திருக்கிறேன். முழு டிஸ்க்குக்கு வெளி ஹார்ட் டிஸ்க்தான் சரி.

ஃபுல், டிஃபரன்ஷியல், இன்கிரிமென்டல்

எந்த மென்பொருளைத் திறந்தாலும் இந்த மூன்று வார்த்தையும் வரும். பால் கணக்கு நோட்டை வைத்துப் பாருங்கள். மாதம் ஒன்றாம் தேதி வரை இருந்த பாக்கி முழுவதையும் புதுப் பக்கத்தில் எழுதுவது ஃபுல். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அன்றைய அளவை மட்டும் குறிப்பது இன்கிரிமென்டல். ஒவ்வொரு நாளும் ஒன்றாம் தேதியிலிருந்து இன்று வரை மொத்தமும் திரும்ப எழுதுவது டிஃபரன்ஷியல். இன்கிரிமென்டலுக்கு இடம் குறைவு, ஆனால் நடுவில் ஏழாம் தேதித் தாள் கிழிந்துவிட்டால் எட்டிலிருந்து கணக்கு வராது. டிஃபரன்ஷியலுக்கு முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் இருந்தால் போதும். வீட்டுக்கு நான் சொல்வது மாதம் ஒரு ஃபுல், நடுவில் வாரம் ஒரு டிஃபரன்ஷியல், குறைந்தது இரண்டு ஃபுல் எப்போதும் கையில். மென்பொருள் பழையதைத் தானாக அழிக்கும் விதியை இப்படி வைக்க விடுகிறதா என்று பாருங்கள், இலவசப் பதிப்புகள் சிலவற்றில் இது பூட்டியிருக்கும்.

வாங்குவதற்கு முன் ரீஸ்டோர் பக்கத்தில் பார்க்க வேண்டியவை

இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர், நிதானமாகப் படியுங்கள்.

ரெஸ்க்யூ பென் டிரைவ் செய்யும் வசதி இருக்க வேண்டும், அதைப் பாதுகாக்க வேண்டிய அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்ய வேண்டும், அந்தக் கம்ப்யூட்டரின் டிரைவர்களைச் சேர்த்துக்கொள்ளும் தேர்வு அதில் இருக்க வேண்டும். செய்த கையோடு கம்ப்யூட்டரை அணைத்து, பென் டிரைவைச் செருகி, ஆன் செய்யும்போது பூட் மெனு பட்டனை அழுத்துங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அது எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று மாறும், உங்களுடையது எது என்று பென் டிரைவ் மேலேயே ஒட்டிவிடுங்கள். உள்ளே போனதும் இரண்டைப் பாருங்கள். உள் டிஸ்க் தெரிகிறதா? யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் தெரிகிறதா? இரண்டும் தெரிந்தால் எதையும் எழுதாமல் வெளியே வந்துவிடுங்கள். பத்து நிமிஷ வேலைதான். இதைச் செய்திருந்தால் நான் ஒண்டிக்கடைக்கு ஓடியிருக்க வேண்டாம்.

அடுத்தது, இமேஜுக்குள்ளிருந்து ஒரே ஒரு ஃபைலை மட்டும் எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். நல்ல மென்பொருள்களில் இமேஜை மவுன்ட் செய்தால் அது இன்னொரு டிரைவ் மாதிரி திறக்கும், வேண்டியதைக் காப்பி செய்துகொள்ளலாம். நடைமுறையில் முழு ரீஸ்டோர் வருஷத்துக்கு ஒருமுறைகூட வராது, ஒரு ஃபைல் காணோம் என்பதுதான் அடிக்கடி வரும். மவுன்ட் செய்து ஒரு போட்டோ, ஒரு பிடிஎஃப், ஒரு கணக்கு ஃபைல் மூன்றையும் திறந்தே பாருங்கள், பெயர் தெரிவது மட்டும் போதாது.

வேறு அளவு டிஸ்க்கில் போட விடுகிறதா என்பது மூன்றாவது. பழைய டிஸ்க் 1 டிபி, அதில் 150 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது, புதிதாக வாங்குவது 512 ஜிபி எஸ்எஸ்டி என்பது இன்று சாதாரணமாக நடக்கிறது. சில மென்பொருள் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் பிரித்து வைத்த பாகத்தை, சுருக்கிப் போட்டுவிடும், சிலது முடியாது என்று நின்றுவிடும்.

நெட் இல்லாமலும், கம்பெனிக் கணக்கில் லாகின் செய்யாமலும் ரீஸ்டோர் ஆக வேண்டும். சந்தா கட்டும் மென்பொருள் என்றால், சந்தா முடிந்த பிறகு பழைய பேக்கப்பைத் திறக்க முடியுமா என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

பேக்கப்புக்கு பாஸ்வேர்டு போட்டால் அதைக் காகிதத்தில் எழுதி பீரோவில் பத்திரத்தோடு வையுங்கள். அந்தக் கம்ப்யூட்டரிலேயே நோட்பேடில் எழுதி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விண்டோஸ் 11-இல் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் நீங்கள் கேட்காமலே ஆன் ஆகியிருக்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் அதன் 48 இலக்க மீட்பு எண்ணை எடுத்து அதே காகிதத்தில் எழுதிவிடுங்கள். டிஸ்க் நன்றாக இருந்து மதர்போர்டு மட்டும் போனால்கூட அந்த எண் இல்லாமல் உள்ளே போக முடியாது.

எந்த மென்பொருள்?

விண்டோஸிலேயே இருப்பதில் தொடங்குகிறேன். ஃபைல் ஹிஸ்டரி விண்டோஸ் 8-இல் வந்தது, இன்றும் கன்ட்ரோல் பேனலுக்குள் இருக்கிறது. வெளி டிஸ்க்கைச் செருகி ஆன் செய்தால் மணிக்கு ஒருமுறை மாறிய ஃபைல்களை எடுத்து வைக்கும், ஒரே ஃபைலின் பழைய வடிவங்களையும் வைத்திருக்கும். போட்டோ, டாக்குமெண்ட் மட்டும் உள்ள வீட்டுக்கு இதுவே நிறைவாக இருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: அது எடுப்பது டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் மாதிரியான ஃபோல்டர்களை. டாலி கணக்கு பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும், டி டிரைவில் தனியாக ஃபோல்டர் போட்டு வைத்திருப்பவர்களும் உண்டு. அவை சேர்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, இல்லையென்றால் லைப்ரரியில் சேருங்கள். கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் 7 காலத்து சிஸ்டம் இமேஜ் வசதியும் இன்னும் தெரியும். மைக்ரோசாஃப்ட்டே 2017-இல் அதைக் கைவிடப்பட்டவை பட்டியலில் சேர்த்துவிட்டது, நம்ப வேண்டாம். விண்டோஸ் பேக்கப் என்று புதிதாக வரும் ஆப், செட்டிங்கையும் சில ஃபோல்டர்களையும் ஒன்டிரைவில் ஏற்றுவது, முழு டிஸ்க் இமேஜ் எடுக்காது.

இமேஜுக்கு நெடுநாள் எல்லோரும் சொன்ன பெயர் மேக்ரியம் ரிஃப்ளெக்ட் இலவசப் பதிப்பு. 2024 ஜனவரியோடு அதன் ஆதரவு நின்றுவிட்டது, இப்போது காசுக்குத்தான். பழைய வீடியோ பார்த்து அதைத் தேடி ஏதோ ஒரு தளத்தில் இறக்கிவிடாதீர்கள். ஏற்கெனவே அதில் எடுத்த இமேஜ் வைத்திருப்பவர்கள் ரெஸ்க்யூ பென் டிரைவை மட்டும் தூக்கிப் போட வேண்டாம், அது இருக்கும் வரை அந்த இமேஜ் உயிரோடு இருக்கும்.

நான் இப்போது பெரியப்பாவுக்குப் போட்டிருப்பது வீம் ஏஜென்ட் இலவசப் பதிப்பு. இறக்க ஈமெயில் கேட்கும், திரை கொஞ்சம் ஆபீஸ் வாடை அடிக்கும், பழகிவிடும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், வெளி டிஸ்க்கைச் செருகியதும் தானாக பேக்கப் ஆரம்பிக்கும்படியும், முடிந்ததும் டிஸ்க்கைத் தானாக எஜெக்ட் செய்யும்படியும் வைக்கலாம். பெரியப்பாவுக்கு எழுபது வயது. அவர் செய்ய வேண்டியது ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடிக்கும்போது ஒயரைச் செருகுவது, முடிந்தது என்று வந்ததும் பிடுங்குவது, அவ்வளவுதான். ரெஸ்க்யூ பென் டிரைவ் செய்யும்போது அந்தக் கம்ப்யூட்டரின் டிரைவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. இலவசத்தில் ஒரே ஒரு ஜாப்தான், அதாவது ஒரே ஒரு பேக்கப் ஏற்பாடுதான், வைக்க முடியும், வீட்டுக்கு அது போதும்.

திரை எளிமையாக வேண்டும் என்றால் ஹாஸ்லியோ பேக்கப் சூட் பாருங்கள், இன்கிரிமென்டல், டிஃபரன்ஷியல், ஒரு டிஸ்க்கை அப்படியே இன்னொன்றில் பிரதி எடுக்கும் குளோன் எல்லாம் இலவசத்திலேயே தருகிறது. ஏஓஎம்இஐ, ஈஸ்அஸ் இரண்டிலும் இலவசப் பதிப்பு உண்டு, ஆனால் முக்கியமான சில பட்டன்களைத் தொட்டால் காசு கேட்கும். அந்தப் பட்டன் ரீஸ்டோர் பக்கத்தில் இருக்கிறதா என்பதை மட்டும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். அக்ரோனிஸ் நல்ல மென்பொருள், வருஷச் சந்தா, கூடவே ஆன்டிவைரஸ் எல்லாம் வரும். வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் எண்ணம்.

கம்ப்யூட்டர் கொஞ்சம் கைவசமானவர்களுக்கு குளோன்ஜில்லா. முழுக்க இலவசம், விண்டோஸில் போட வேண்டியதே இல்லை, பென் டிரைவில் பூட் செய்து எடுப்பது. ஆனால் எடுக்கும்போது கம்ப்யூட்டரில் வேறு வேலை பார்க்க முடியாது, எழுத்துத் திரை, எந்த டிஸ்க் மூலம் எது இலக்கு என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் உள்ளதும் போகும். பயமாக இருந்தால் ரெஸ்க்யூஜில்லா, அதே வேலையை மவுஸால் செய்யலாம். இரண்டுமே சாதாரணமாகச் சிறிய டிஸ்க்கில் போட விடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மேக் வைத்திருப்பவர்கள் யோசிக்க வேண்டாம், 2007-லிருந்து டைம் மெஷின் கூடவே வருகிறது, அதற்கென்று ஒரு டிஸ்க்கை ஒதுக்கினால் போதும். லினக்ஸில் டைம்ஷிஃப்ட் சிஸ்டத்துக்கு, டெஜா டூப் உங்கள் ஃபைல்களுக்கு. டைம்ஷிஃப்ட் மட்டும் போட்டுவிட்டு போட்டோவும் பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள், வீட்டு ஃபோல்டரை அது தானாக எடுப்பதில்லை.

டிஸ்க் பற்றிக் கொஞ்சம்

கம்ப்யூட்டரில் நிரம்பியிருக்கும் அளவைப் போல இரண்டு மடங்காவது வாங்குங்கள். நீல நிற யூஎஸ்பி 3 துளையில் செருகுங்கள். 300 ஜிபி எடுக்க அதில் சுமார் 50 நிமிஷம், பழைய யூஎஸ்பி 2-இல் இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல். விண்டோஸ் மட்டும் உள்ள வீட்டில் டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் வடிவத்தில் ஃபார்மேட் செய்யுங்கள், ஃபேட் 32-இல் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலை எழுத முடியாது.

முடிந்ததும் பிடுங்கி வையுங்கள், எப்போதும் செருகியே வைக்கக் கூடாது. 2017 மே மாதம் வான்னகிரை பரவியபோது ஃபைல்களைப் பூட்டிக் காசு கேட்ட அந்த மாதிரி வைரஸ், செருகியிருக்கும் வெளி டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். இடி இறங்கினால் செருகியிருப்பது எல்லாமும் சேர்ந்து போகும். ஏற்காட்டில் யூபிஎஸ் இல்லாமல் பேக்கப் ஓட்டாதீர்கள், மழை இருட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்கு வேண்டாம், மறுநாள் எடுக்கலாம். அங்கே பனியும் ஈரமும் கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் அளவுக்கு இருக்கும் என்பதால் பெரியப்பா டிஸ்க்கை இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்திருக்கிறோம்.

பீட்டர் குரோ என்ற போட்டோகிராபர் பரப்பிய 3-2-1 என்ற கணக்கு உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகை சாதனம், ஒன்று வேறு இடத்தில். நாங்கள் அதை மலைக்கும் அடிவாரத்துக்குமாகப் பிரித்துக்கொண்டோம். ஒரே மாதிரி இரண்டு டிஸ்க். ஒன்று நாகலூரில், ஒன்று சேலத்தில் எங்கள் வீட்டில். யார் மேலே போனாலும் கீழே வந்தாலும் மாற்றிக்கொள்கிறோம். காபிப் பழம் எடுக்கும் மாதங்களில் நான் அடிக்கடி போவதால் அப்போது மாதம் இரண்டு முறைகூட மாறும். பத்திரங்களும் பெரியம்மா வீடியோவும் மட்டும் கிளவுடிலும் உண்டு.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்ததால் வீட்டில் கம்ப்யூட்டரை மாற்றவோ 11-க்குப் போகவோ இருப்பவர்கள், கை வைப்பதற்கு முன்னால் ஒரு முழு இமேஜ் எடுத்து, மவுன்ட் செய்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரெஸ்க்யூ பென் டிரைவில் பூட் செய்து இரண்டு டிஸ்க்கும் தெரிகிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டியோ போர்டோ மாற்றினால் பென் டிரைவைப் புதிதாகச் செய்யுங்கள். ரீஸ்டோர் திரை ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து, வரிசையாகப் பிரிண்ட் போட்டு டிஸ்க் டப்பாவுக்குள் வையுங்கள். பெரியப்பா டப்பாவில் இருப்பது ஐந்து தாள். அதன் ஓரத்தில் எந்த இடத்தில் எதை அழுத்த வேண்டும் என்று அவரே தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறார். போன மாதம் மிளகு விற்ற கணக்கு ஃபைலை அழித்துவிட்டு, எனக்கு போன் செய்யாமல் அந்தத் தாளைப் பார்த்தே திரும்ப எடுத்துக்கொண்டார்.